தூண் உட்காரவில்லை, போல்ட் ஏறவில்லை: இரும்பு ஷெட் கோளாறுகளைத் தேடும் முறை

கிரேன் மணிக்கணக்கு வாடகையில் நிற்கும். தூண் அந்தரத்தில் தொங்கும். கான்கிரீட்டில் பதித்த நான்கு ஆங்கர் போல்ட்டில் மூன்று, தூணின் அடியில் உள்ள பேஸ் பிளேட் தகட்டின் துளைக்குள் போய்விடும், நான்காவது போகாது. அப்போது ஃபிட்டர், "சார், கேஸ் கட்டர் போட்டு ரெண்டே நிமிஷத்துல முடிச்சிடறேன்" என்பார். அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் கட்டும் தொழிற்சாலை ஷெட்டுக்கும் கிடங்குக்கும் அடிப்படை விதிநூல் ஐ.எஸ். 800, 2007 பதிப்பு. இரும்பின் தரத்துக்கு ஐ.எஸ். 2062, பட்டறையில் வரும் அளவுப் பிசகுக்கு ஐ.எஸ். 7215, நிறுத்தும்போது வரும் பிசகுக்கு ஐ.எஸ். 12843, காற்றுச் சுமைக்கு ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி. ஆனால் இவற்றைப் புரட்டுவதற்கு முன்னால் டிராயிங்கின் முதல் தாளில் உள்ள பொதுக் குறிப்பைப் படித்துவிடுங்கள். பாகங்களைப் பட்டறையில் செய்து கொண்டுவந்து பூட்டும் பீ.இ.பி. ஷெட்டுகள் பலவற்றில் இரும்பை அமெரிக்க முறையில் டிசைன் செய்துவிட்டு, காற்றையும் நிலநடுக்கத்தையும் மட்டும் இந்திய விதிப்படி எடுத்திருப்பார்கள். எந்த விதி என்று தெரியாமல் தளத்தில் சண்டை போட்டால் இரண்டு பேருமே சரியாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். கீழே வரும் எண்கள், வேறாகச் சொல்லாத இடத்தில், ஐ.எஸ். எண்கள்.

ஆங்கர் போல்ட் துளையில் இறங்கவில்லை

முதலில் தூணைக் கீழே இறக்கி ஓரமாக வையுங்கள். தொங்கவிட்டுக்கொண்டு யோசிக்காதீர்கள்.

பேஸ் பிளேட்டை ஒரு பிளைவுட் பலகையில் படியெடுத்து, அதை பெடஸ்டலின் (தூண் உட்காரும் கான்கிரீட் மேடை) போல்ட்டுகள் மேல் வைத்துப் பாருங்கள். பிறகு மூலைக்கு மூலை அளவெடுங்கள். போல்ட்டுகளுக்குள் அளவு சரியாக இருந்து மொத்தமும் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் கிரிட் நூல் (தூண் அச்சுகளைக் குறிக்கும் நூல்) பிடித்ததில் தப்பு. பக்கத்துப் பெடஸ்டல்களும் அதே பக்கம் நகர்ந்திருக்கும். ஒரே ஒரு போல்ட் மட்டும் விலகியிருந்தால், கான்கிரீட் போட்ட அன்று போல்ட்டுகளை இடத்தில் பிடிக்கும் டெம்ப்ளேட் இல்லாமலோ, தளர்வாகக் கட்டியோ விட்டிருக்கிறார்கள், வைப்ரேட்டர் தள்ளிவிட்டிருக்கிறது. போல்ட்டுகள் சரியாக இருந்து பலகையே பொருந்தவில்லையானால், தட்டைப் பட்டறையில் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து வெல்டு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

தூணின் அடி, குறித்த அச்சிலிருந்து 5 மி.மீ. வரை விலகலாம். பேஸ் பிளேட் துளையைப் போல்ட்டைவிடப் பெரிதாக வைப்பதே இதற்காகத்தான். அதற்கும் மேல் போனால்? கையால் கேஸ் கட்டரில் வெட்டிய போல்ட் துளையை ஐ.எஸ். 800 ஏற்பதில்லை. ஆனால் ஒரே ஒரு விலக்கு தந்திருக்கிறது: தூணின் பேஸ் பிளேட் துளையைத் தளத்தில் சரிசெய்யும்போது மட்டும். ஆக, அந்த ஃபிட்டர் கேட்டது முழுத் தப்பு இல்லை. டிசைனரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், வெட்டிய விளிம்பைக் கிரைண்டரில் தேய்த்து வழவழப்பாக்குங்கள், மேலே தடிமனான பிளேட் வாஷர் வைத்து, அவர் சொன்னபடி அதைத் தட்டோடு வெல்டு செய்யுங்கள்.

செய்யவே கூடாதது போல்ட்டைச் சூடாக்கி வளைப்பது. அந்த ஆங்கர் 8.8 தரமாக (அதிக பலமுள்ள வகை) இருந்தால் அதன் பலமே வெப்பச் சிகிச்சையால் வந்தது. சிவக்கச் சுட்ட இடத்தில் அந்தப் பலம் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தூண் செங்குத்தாக நிற்கவில்லை

12843 கணக்கில் சாதாரண உயரத் தூணுக்கு உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 25 மி.மீ. எட்டு மீட்டர் தூண் என்றால் எட்டு மி.மீ.

இங்கே எல்லோரும் தவறவிடும் ஒன்று, அளவெடுக்கும் நேரம். மதியம் மூன்று மணிக்கு மேற்குப் பக்கம் வெயில் அடிக்கும் தூணைத் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டு "சாய்ந்திருக்கிறது" என்று கம்பிக் கயிற்றை முறுக்குவார்கள். இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.012 மி.மீ. விரியும். 400 மி.மீ. ஆழமுள்ள தூணில் வெயில் பக்கத் தகடு நிழல் பக்கத்தைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருந்தால், எட்டு மீட்டர் உச்சி கிட்டத்தட்ட 10 மி.மீ. வளைந்து நிற்கும். அனுமதித்த எட்டு மி.மீட்டரை வெயிலே தாண்டிவிட்டது! மதியம் நேராக்கிய தூண் மறுநாள் விடியலில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் காலை ஏழு மணிக்குள் அளவெடுங்கள். தூக்குக் குண்டு போதும், காற்று அடித்தால் குண்டை ஒரு வாளித் தண்ணீரில் முங்கவிடுங்கள், ஆடாது.

காலையிலும் சாய்வு அப்படியே இருந்தால் அடியைப் பாருங்கள். ஷிம் (உயரம் சரிசெய்ய அடியில் வைக்கும் மெல்லிய தகடு) ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்திருக்கும், அல்லது பேஸ் பிளேட்டை மட்டப்படுத்தும் லெவலிங் நட்டு ஒன்று தளர்ந்திருக்கும். பிரேசிங் (குறுக்குப் பிடிமானம்) உள்ள பேயை (bay, அடுத்தடுத்த தூண்களுக்கு நடுவே உள்ள கட்டம்) முதலில் நேராக்கி இறுக்கிய பிறகுதான் மற்ற தூண்களை அதோடு சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். கடைசித் தூணிலிருந்து ஆரம்பித்தால் பிசகு முழுவதும் பிரேசிங் பேயில் வந்து குவியும். தூணை நேராக்கும் முன் பேஸ் பிளேட் அடியில் கிரவுட் (நிரப்புக் கலவை) போட்டுவிட்டார்கள் என்றால், சரி, உடைத்தெடுக்க வேண்டியதுதான். வேறு வழி எனக்குத் தெரியாது.

ராஃப்டர் இணைப்பில் துளைக்குத் துளை சேரவில்லை

ராஃப்டர் என்பது கூரையைத் தாங்கும் சாய்வு உத்தரம். துளைகளை நேராக்கும் கூம்பு முனைக் கம்பியான டிரிஃப்ட் பின் அடித்துப் பாருங்கள். பின் உள்ளே போய் தகடுகள் தாமாக நகர்ந்து சேர்ந்தால் கவலை இல்லை. சம்மட்டியால் அடித்து துளை விளிம்பு பிதுங்கினால் நிறுத்துங்கள்.

வழக்கமான துளை அளவு எம்16 (16 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு 18, எம்20-க்கு 22, எம்24-க்கு 26, எம்30-க்கு 33 மி.மீ. ஒரு இணைப்பில் ஒன்றிரண்டு துளை மட்டும் ஒன்றிரண்டு மி.மீ. விலகியிருந்தால் ரீமர் போட்டு அகட்டி, அடுத்த அளவு போல்ட் போடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். போடலாம். ஆனால் போடும் முன் விளிம்பு தூரத்தை அளந்தீர்களா? துளை மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை, ஷியரிங் செய்த (கத்தரி இயந்திரத்தில் வெட்டிய) அல்லது கையால் கேஸில் வெட்டிய விளிம்புக்குத் துளை விட்டத்தைப் போல 1.7 மடங்கு வேண்டும். மெஷினில் வெட்டிய அல்லது ரோல் செய்த விளிம்புக்கு 1.5 மடங்கு. எம்20-க்கு 22 மி.மீ. துளை என்றால் கையால் வெட்டிய விளிம்பில் 37.4 மி.மீ. டிராயிங்கில் 40 கொடுத்திருப்பார்கள், சரியாக இருக்கும். அதையே எம்24-க்கு மாற்றினால் 26 மி.மீ. துளை, 44.2 மி.மீ. வேண்டும். இருப்பது 40. பெரிய போல்ட் போட்டுப் பலப்படுத்தியதாக நினைத்த இடத்தில் தகடு விதியை மீறிவிட்டது. போல்ட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கும் இதே கதை: குறைந்தது போல்ட் விட்டத்தில் இரண்டரை மடங்கு.

எல்லாத் துளைகளும் ஒரே பக்கம் விலகியிருந்தால் துளை மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தூண்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். முக்கால்வாசி நேரம் பதில் அங்கே இருக்கும்.

பேஸ் பிளேட்டுக்குத் தந்த கேஸ் கட்டர் விலக்கு இங்கே கிடையாது.

எண்ட் பிளேட் வாய் பிளந்து நிற்கிறது, அல்லது போல்ட் கையால் சுற்றுகிறது

பிளந்த வாயைப் போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். ராஃப்டர் முனையில் வெல்டு செய்த எண்ட் பிளேட், வெல்டு சூட்டில் வளைந்திருந்தால், இறுக்கிய விசையில் பாதி தகட்டை நிமிர்த்துவதிலேயே தீர்ந்துவிடும். ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி எவ்வளவு, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, டிசைனர் சொல்லும் தடிமனில் ஷிம் தகடு வெட்டிச் சொருகுங்கள்.

போல்ட் தளர்வு வேறு விஷயம். முதலில் தலையைப் பாருங்கள். 8.8 என்றால் அப்படியே புடைப்பாக எழுதியிருக்கும், பக்கத்தில் தயாரிப்பாளர் அடையாளமும் இருக்கும், நட்டில் 8 இருக்கும். எழுத்தே இல்லாத மொட்டைத் தலை என்றால் அதை 4.6 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 8.8-இன் இழுவலிமை சதுர மி.மீட்டருக்கு 800 நியூட்டன், 4.6-இன் இழுவலிமை 400. ஒரே பையில் இரண்டும் கலந்து வருவதை ஒரு தளத்தில் பார்த்தேன். ஸ்டோரில் கேட்டால், "ரெண்டும் இருபதுதானே சார்" என்றார் பையன். அளவில் இருபதுதான். அந்த இணைப்பின் பலம் பாதியாகியிருக்கும்.

உராய்வுப் பிடிப்பில் வேலை செய்யும் போல்ட் என்றால் அதன் கதை முழுவதும் தகட்டின் முகத்தில் இருக்கிறது. எம்20, 8.8 போல்ட்டை ஐ.எஸ். 800 கணக்கில் 137 கிலோநியூட்டன் அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுவை இரண்டு தகடுகளையும் அழுத்தி, உராய்வால் நகராமல் வைக்கும். ஷாட் பிளாஸ்ட் செய்த முகத்துக்கு உராய்வு எண் 0.5. சுத்தமான மில் ஸ்கேலுக்கு (ஆலையில் சூடாக உருட்டும்போது இரும்பின் மேல் படியும் செதில்) 0.33. ரெட் லெட் பெயிண்ட் அடித்த முகத்துக்கு 0.1. ஐந்தில் ஒரு பங்கு! நம் பட்டறைகளில் எல்லா முகத்துக்கும் சேர்த்து அடிக்கும் ரெட் ஆக்சைடை நான் 0.1-க்கு மேல் நம்பமாட்டேன். டிராயிங்கில் உராய்வு இணைப்பு என்று இருந்து, தகட்டைப் பிரித்தால் உள்ளே சிவப்பாக இருந்தால், எவ்வளவு டார்க் ரெஞ்ச் வைத்தாலும் அது டிசைனர் நினைத்த இணைப்பு இல்லை. பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூட்ட வேண்டும். ஒருமுறை முழு இழுவைக்கு இறுக்கிக் கழற்றிய போல்ட்டை மறுபடி போடாதீர்கள், புதிதாக எடுங்கள்.

வெல்டில் விரிசல், ஓட்டை, ஓரத்தில் பள்ளம்

மூன்றும் மூன்று நோய்.

குண்டூசி முனை போலச் சிறு ஓட்டைகள் வரிசையாக இருந்தால் வெல்டிங் ராடு ஈரம். மழைக்காலத்தில் திறந்து வைத்த பாக்கெட் என்றால் சந்தேகமே வேண்டாம். ஈ7018 போன்ற குறை ஹைட்ரஜன் ராடுகளை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில் ஓவனில் சுட்டு, வெல்டர் பக்கத்தில் போர்ட்டபிள் ஓவனில் சூடாகவே வைத்திருக்க வேண்டும். தளத்தில் ஓவன் இருக்கும். பிளக் மாட்டியிருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

ஓரத்தில் பள்ளம் விழுந்தால் கரண்ட் அதிகம், அல்லது வெல்டர் ஓரத்தில் நிற்காமல் ஓடுகிறார். அமெரிக்க வெல்டிங் விதி ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 படி வேலை என்றால், 25 மி.மீட்டருக்குக் குறைந்த தகட்டில் பள்ளம் 1 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது. ஸ்லாக்கைத் தட்டி எடுத்துவிட்டு நகத்தால் தடவினாலே தட்டுப்படும்.

விரிசல்தான் பயப்பட வேண்டியது. வெல்டு நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு தெரிந்தால், டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயம்) தெளித்துப் பாருங்கள். வெள்ளை டெவலப்பர் மேல் சிவப்பு நூல் போல எழும்பும். இதற்கு மேலேயே ஒரு பாஸ் வெல்டு ஓட்டி மூடுவது பழைய பழக்கம். விரிசல் அடியில் அப்படியே இருக்கும். முழுதும் நோண்டி எடுத்துவிட்டு, டை மறுபடி அடித்து, சுத்தம் என்று தெரிந்த பிறகே வெல்டு.

எதனால் வெடித்தது? பெரும்பாலும் தடித்த தட்டில் மெல்லிய வெல்டு. 25 மி.மீ. பேஸ் பிளேட் வெல்டின் சூட்டை உறிஞ்சிவிடும். சின்ன வெல்டு சட்டென்று ஆறி, சுருங்க இடமில்லாமல் கிழியும். அதனால்தான் தடித்த பக்கத்தை வைத்துக் குறைந்தபட்ச அளவு சொல்லியிருக்கிறார்கள்: 10 மி.மீ. வரை தகட்டுக்கு 3, பத்துக்கு மேல் 20 வரை 5, இருபதுக்கு மேல் 32 வரை 6 மி.மீ. மெல்லிய தகட்டைப் பார்த்து 4 மி.மீ. என்று டிராயிங்கில் போட்டிருந்தால், அந்த 25 மி.மீ. தட்டுக்கு அது போதாது, திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று. பட்டறையில் செய்ய வேண்டிய வெல்டை "தளத்தில் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். விதிநூலில் பட்டறை வெல்டுக்கு பாதுகாப்பு எண் (பலத்தை வகுக்கும் எண்) 1.25, தள வெல்டுக்கு 1.5. 410 இழுவலிமை உள்ள இரும்பில் 6 மி.மீ. ஃபில்லட் (மூலை வெல்டு) பட்டறையில் ஒரு மி.மீட்டருக்கு 795 நியூட்டன் தாங்கும் என்று கணக்கு, தளத்தில் 663. இடம் மாறினால் நீளமும் மாற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை.

ராஃப்டரின் அடித்தகடு நெளிகிறது, பர்லின் தொய்கிறது

ராஃப்டர் அடியில் நூல் பிடித்துப் பாருங்கள். பிடிமானங்களுக்கு நடுவே உள்ள நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பக்கவாட்டில் வளைந்தால், கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினிலிருந்து ராஃப்டர் அடிக்கு வர வேண்டிய சாய்வு ஆங்கிள், ஃப்ளை பிரேஸ் என்பார்களே, அது மாட்டப்பட்டிருக்கிறதா என்று எண்ணுங்கள். டிராயிங்கில் இருக்கும், தளத்தில் மூட்டையாக ஒரு மூலையில் கிடக்கும். காற்று கூரையைத் தூக்கும்போது அழுத்தம் அடித்தகட்டுக்கு வரும். அப்போது அதைப் பிடிப்பது இந்தச் சின்ன ஆங்கிள் மட்டுமே.

பர்லினுக்கு, தகரக் கூரை என்றால் நீளத்தில் 150-இல் ஒரு பங்கு வரை காற்றுச் சுமையில் வளையலாம். ஏழரை மீட்டர் பேயில் 50 மி.மீ. சும்மா இருக்கும்போதே அவ்வளவு தொய்ந்தால் பர்லின்களை நடுவில் இணைத்துப் பிடிக்கும் சேக் ராடு இல்லை, அல்லது மேலே யாரோ பின்னால் சோலார் பேனல் ஏற்றியிருக்கிறார்கள். ஏணி போட்டு ஏறிப் பாருங்கள்.

ஒரே மழைக்காலத்தில் துரு வழிகிறது

பெயிண்டைச் சுரண்டுங்கள். உள்ளே நீலம் கலந்த கருப்பாகப் பளபளப்பு தெரிந்தால் அது மில் ஸ்கேல். அதன் மேல் எவ்வளவு விலை பெயிண்ட் அடித்தாலும் செதிலோடு சேர்ந்து உரிந்து வரும். பிளாஸ்ட் செய்யச் சொல்லி டிராயிங்கில் எஸ்.ஏ. இரண்டரை (பிளாஸ்ட் சுத்தத்தின் ஒரு தரம்) என்றிருக்கும், பட்டறையில் கம்பி பிரஷ் போட்டிருப்பார்கள். செதில் இல்லை, ஆனாலும் உரிகிறது என்றால் ஈரம்: இரும்பின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) மூன்று டிகிரியாவது கூடுதலாக இல்லாத நேரத்தில் அடித்திருக்கிறார்கள். கடற்கரை ஊரில் அதிகாலையில் தடவிப் பார்த்தாலே தகடு வியர்த்திருக்கும். கால்வனைஸ் செய்த பாகம் என்றால் பூச்சுத் தடிமன் அளக்கும் எல்கோமீட்டர் வைத்துப் பாருங்கள். 5 மி.மீ.-உம் அதற்கு மேலும் தடித்த இரும்புக்கு ஐ.எஸ். 4759 கேட்பது சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம், அதாவது சுமார் 85 மைக்ரான்.

எல்லாம் நேராக நிற்கிறது, ஆனால் ஸ்டெபிலிட்டி சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள்

கட்டடம் உறுதியானது என்று சொல்லும் அந்தச் சான்றிதழ் நின்றுபோவதற்கு இரண்டு காரணம் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, இரும்பு ஆலை தரும் மில் சர்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) எந்தத் தகட்டிலும் இல்லை. முழுத் தகட்டில் முத்திரை இருக்கும். வெட்டும்போது அது கழிவுத் துண்டோடு போய்விடும். வெட்டும் முன் எண்ணை ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றி எழுத வேண்டியது பட்டறையின் வேலை. எழுதாமல் விட்டால், ஈ350 என்று வாங்கியதை, அதைவிடப் பலம் குறைந்த ஈ250 தரம் இல்லை என்று நிரூபிக்க, விசை குறைந்த இடத்தில் துண்டு வெட்டி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இழுவலிமை 490 வர வேண்டிய இடத்தில் 410-ஐ ஒட்டி வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இரண்டாவது, காற்று. கோயம்புத்தூரில் நன்றாக நிற்கும் ஷெட்டின் டிராயிங்கை, ஊர் பெயரை மட்டும் மாற்றி சென்னைக்குப் போட்டுவிடுகிறார்கள். கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும், அதுவே 1.64 மடங்கு. அதோடு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் 2015 பதிப்பு, கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ.க்குள் வரும் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு வேகத்தை இன்னும் 1.15 மடங்கு கூட்டச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் 2.17 மடங்கு அழுத்தம். ஆங்கர் போல்ட்டிலிருந்து கூரை ஸ்க்ரூ வரை எல்லாமே மறுகணக்கு. இதைத் தளத்தில் ரசமட்டம் வைத்தோ, டை அடித்தோ கண்டுபிடிக்க முடியாது. டிசைன் தாளின் மூன்றாவது நான்காவது வரியில் ஊர் பெயருக்குப் பக்கத்தில் 39 என்று இருக்கிறதா, 50 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 39 என்றிருந்தால் கையெழுத்துப் போட மறுத்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு டிசைனருக்குப் போன் போடுங்கள்.